வேலையற்றோர் விகிதமும் அதற்குப் பின்னால் நிற்கும் ஜனங்களும்

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்ற பெயரில் மத்திய சர்க்கார் வருஷந்தோறும் நடத்திவரும் விசாரணையில், 2023-24ஆம் வருஷத்துக்குரிய மதிப்பீட்டின்படி, கேரளத்தில் வேலையற்றோர் விகிதம் நூற்றுக்கு 7.2, மத்தியப் பிரதேசத்தில் அது 1.0 மாத்திரமே. நம் தேசத்து நிலைமை எதுவும் அறியாத ஒருவர் இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் படிப்பாரானால், கேரளத்து வாலிபர்கள் கூட்டங்கூட்டமாக ரயிலேறி மத்தியப் பிரதேசத்துக்குப் பிழைப்புத் தேடிப் போய்க்கொண்டிருப்பார்கள் என்றே அனுமானம் செய்வார். நடப்பதோ வேறு. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் லட்சக்கணக்கான தொழிலாளிகள் கேரளத்துக்கு வருகிறார்கள். ரிசர்வ் வங்கி தொகுத்துள்ள 2022-23ஆம் வருஷத்து விவரங்களின்படி, கிராமப்புறத்து ஆண் விவசாயக் கூலியாளுக்குக் கேரளத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 764 ரூபாய் கிடைத்திருக்க, மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய்தான் கிடைத்திருக்கிறது. வேலையின்மை மிக அதிகமாகக் காட்டும் ராஜ்யத்தில் கூலியும் மிக அதிகம்; வேலையின்மை ஏறக்குறைய இல்லையென்று காட்டும் ராஜ்யத்தில் கூலி மிகக் குறைவு.

இந்த முரண்பாட்டுக்குக் கணக்கெடுத்தவர்களின் கவனக்குறைவைக் காரணம் சொல்வது நியாயமாகாது. ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அந்தக் கேள்விக்குரிய பதில் ஒழுங்காகப் பதிவாயிற்று. ஆனால் ஒரு மனிதன், 'எனக்கு இப்போது வேலையில்லை, தகுந்த வேலையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் சொல்ல வேண்டுமானால், அவன் அவ்விதம் தேடிக்கொண்டிருக்கும் மாதங்களில் அவனுக்குச் சோறு போட ஒருவர் இருக்க வேண்டும்: வளைகுடா தேசத்திலிருந்து பணம் அனுப்பும் அண்ணனோ, ஓய்வூதியம் வாங்கும் தகப்பனாரோ, சொற்பமேனும் நிலமோ வீட்டு வாடகையோ இருக்க வேண்டும். வேலையற்ற காலத்துக்கென்று சர்க்கார் உதவித்தொகை பெரும்பாலோருக்கு எட்டாத நம் தேசத்தில், அத்தகைய ஆதரவு எதுவும் இல்லாதவன், மூட்டை தூக்கியோ, தெருவோரத்தில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோ, பங்காளியின் வயலில் கூடமாட உழைத்தோ அன்றைய ஜீவனத்தைப் பார்த்துக்கொள்கிறான். அவ்விதம் பார்த்துக்கொண்ட அந்தக் கணமே அவன் கணக்கில் வேலையிலிருப்பவனாகிவிடுகிறான். ஆகவே வேலையற்றோர் விகிதம் என்பது வேலைப் பஞ்சத்தை அளப்பதோடு நில்லாமல், அந்தப் பஞ்சத்தைச் சகித்துக்கொண்டு காத்திருக்கும் சக்தியையும் சேர்த்தே அளந்துவிடுகிறது என்பதும், இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாமல் ஒற்றை எண்ணைப் பிரசுரம் செய்வது ஏழை ஜனங்களுக்கு இழைக்கும் அநீதி என்பதும் என் அபிப்பிராயம்.

இந்த அளவுகோல் நம் தேசத்தில் பிறந்ததன்று. அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் தொழிலாளர் புள்ளிவிவர இலாகாவின் தலைவராயிருந்த காரல் ரைட் என்பவர் 1878ஆம் வருஷத்தில், தம் ராஜ்யத்தில் இரண்டு மூன்று லட்சம் பேர் வேலையின்றித் தவிக்கிறார்கள் என்று ஜனங்களிடையே பரவியிருந்த பேச்சை மறுக்க விரும்பி, ஊர்தோறும் அதிகாரிகளைக் கொண்டு கணக்கெடுத்தார். பதினெட்டு வயது நிரம்பிய, உடல்வலிமையுள்ள, உண்மையிலேயே வேலையை விரும்புகிற ஆண்களை மட்டுமே எண்ணும்படி அவர் உத்தரவிட்டிருந்ததால், ஏறக்குறைய 22 ஆயிரம் என்ற தொகையே அவருக்குக் கிடைத்தது. பெண்கள் எண்ணப்படவில்லை, வாலிபப் பருவம் எய்தாத தொழிலாளிகள் எண்ணப்படவில்லை, 'உண்மையிலேயே விரும்புகிற' என்ற நிபந்தனையை யார் எப்படிச் சோதிப்பது என்பதும் தெளிவாக்கப்படவில்லை. யாரை எண்ணுவது என்ற நிர்ணயத்திலேயே விடையின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது என்பதற்கு, இத்துறையின் முதல் முயற்சியே சாட்சியாயிற்று.

பின்னர் 1930களின் மகா மந்தத்தின்போது, வேலையிழந்தோர் எத்தனை பேர் என்று அமெரிக்க சர்க்காருக்கே தெரியாதிருந்த அவலத்திலிருந்துதான் இன்றைய முறை உருவாயிற்று. அதுவரை அந்நாட்டு ஜனத்தொகைக் கணக்கில் ஒவ்வொருவரிடமும் அவருடைய தொழில் என்னவென்று விசாரித்தார்களேயன்றி, அந்தத் தொழிலை அவர் இந்த வாரம் செய்தாரா என்று முறையாகக் கேட்டு வரவில்லை. தச்சன் என்று பதிந்தவன் ஒரு வருஷமாக உளியைத் தொடாதவனாக இருந்தாலும் தச்சனே. 1940இல் மாதந்தோறும் மாதிரிக் குடும்பங்களை விசாரிக்கும் ஏற்பாடு அங்கே தொடங்கியபோது, குறிப்பிட்ட ஒரு வாரத்தில் வேலை செய்தாயா, இல்லையெனில் தேடினாயா என்ற இரண்டு கேள்விகளே ஆதாரமாயின. வேலை செய்தவரும் தேடியவரும் சேர்ந்து உழைப்பாளர் படை. இரண்டும் செய்யாதவர் அந்தப் படைக்கு வெளியே. படையில் வேலை கிடைக்காதவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே விகிதம். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஜினீவாவில் கூட்டிய புள்ளியியல் அறிஞர் மகாநாடுகளில், 1954இலும் பின்னர் 1982இலும், இந்த முறையே உலகத்துக்குப் பொதுவாக வகுக்கப்பட்டது. வாரத்தில் ஒரு மணி நேரமேனும் கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்தவர் வேலையிலிருப்பவரே என்ற விதி அதன் ஓர் அங்கம்.

ஒரு மணி நேர விதியைக் கேட்டதும் சாமானிய வாசகருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆயினும் அதற்கொரு நியாயம் உண்டு. ஒரு தேசத்தின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும்போது எவ்வளவு சிறிய உழைப்பும் விடுபடலாகாது; ஆகவே அந்த உற்பத்திக்குக் காரணமானவர்களின் எண்ணிக்கையிலும் எவரும் விடுபடலாகாது; வேலையின்மை என்று வேறாக எண்ணப்படுவது வேலை அறவே இல்லாத நிலையொன்றே. குறைவேலை, குறைந்த வருமானம் ஆகியவற்றைத் தனித்தனி அளவுகோல்களால் அளந்து உடன்வைக்க வேண்டும் என்பதே அந்த மகாநாட்டினரின் கருத்து. தவறு எங்கே நேர்ந்ததென்றால், முதல் அளவுகோல் மட்டும் பத்திரிகைகளுக்கும் சட்டசபைகளுக்கும் பிரயாணம் செய்து, உடன்வர வேண்டிய மற்றவை அறிக்கைகளின் பின்பக்கங்களிலேயே தங்கிவிட்டதுதான். மாதச் சம்பளத்தை நம்பியே பெரும்பாலோர் வாழும் தேசத்தில், வேலை போயிற்றென்றால் ஒரேயடியாகப் போயிற்று. அங்கே இந்த விகிதம் ஓரளவு துன்பத்தின் அளவாகவும் இருக்கலாம். பாதிக்கு மேற்பட்டோர் சுயதொழில் என்ற பெயரில் காலந்தள்ளும் நம் தேசத்தில் அது அவ்வாறு இருக்க இயலாது.

இதை நம் அறிஞர்கள் அறியாமலிருக்கவில்லை. அறிந்து, மிகுந்த பிரயாசையோடு சிந்தித்தார்கள் என்பது பெருமைக்குரிய சரித்திரம். மகலனோபிஸ் அவர்களின் வழிகாட்டுதலில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950இல் தொடங்கி, 1955இல் வேலை நிலைமையைப் பற்றிய விரிவான விசாரணையை முதன்முதலாக நாடெங்கும் நடத்தியது. அந்தக் காலத்து ஐந்தாண்டுத் திட்ட ஏடுகளில் வேலையற்றோரின் 'நிலுவை' என்று ஒரு தொகை அச்சிடப்பட்டு வந்தது. இரண்டாம் திட்டத்தின் தொடக்கத்தில் அது 53 லட்சம். திட்டத்தால் இத்தனை லட்சம் வேலைகள் உண்டாகும், புதிதாக இத்தனை லட்சம் பேர் வருவார்கள், மீதி இவ்வளவு என்று, கடைக்கணக்கைப் போல அது எழுதப்பட்டது. இந்தத் தொகைகள் எதன்மேல் நிற்கின்றன என்ற ஐயம் வலுக்கவே, திட்டக் கமிஷன் 1968இல் பொருளாதார அறிஞர் எம்.எல். தந்த்வாலாவின் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. 1970இல் வந்த அக்குழுவின் அறிக்கை, நம்முடையது போன்ற தேசத்தில் உழைப்பாளர் படையை ஒரே தன்மையுள்ள ஒரு பொருளாகப் பாவித்து, வேலையின்மையை ஒரே தொகையில் சுருக்கிச் சொல்வது பொருந்தாதென்று தீர்மானமாக உரைத்தது. ஐம்பது வருஷங்களுக்கு மேல் கடந்துவிட்ட பின்பும் அதைவிட நேர்மையான வாக்கு இத்துறையில் சொல்லப்படவில்லை என்றே நான் கருதுகிறேன்.

தந்த்வாலா குழுவின் யோசனையை அநுசரித்து 1972-73ஆம் வருஷத்து விசாரணையிலிருந்து மூன்று அளவுகோல்கள் கையாளப்பட்டன. கடந்த 365 நாட்களில் ஒருவர் பெரும்பொழுது எந்த நிலையில் இருந்தார் என்பதைக் கொண்டு, அதனுடன் 30 நாட்களுக்குக் குறையாத துணைத்தொழில் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்வது வழக்க நிலை. கடந்த ஏழு நாட்களில் ஒரு நாளிலேனும் ஒரு மணி நேரம் உழைத்தாரா என்று பார்ப்பது வார நிலை. அந்த ஏழு நாட்களையும் பதினான்கு அரைநாட்களாகப் பிரித்து, ஒவ்வோர் அரைநாளும் உழைப்பில் கழிந்ததா, உழைக்கத் தயாராயிருந்தும் வீணாயிற்றா என்று எண்ணுவது தின நிலை. இதில் எண்ணப்படுவது ஆட்களல்ல, நாட்கள்.

இம்மூன்றும் ஒரே ஜீவனை எவ்வாறு மூன்று விதமாகக் காண்கின்றன என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். தஞ்சாவூர் ஜில்லாவில் நிலமில்லாத குடும்பத்துப் பெண்மணி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். நடவுக் காலத்தில் சில வாரம், களையெடுப்பில் சில நாள், ஏரியில் நூறு நாள் வேலை திறந்தால் அதில் கொஞ்சம். அறுவடையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. வருஷத்தில் பெரும்பொழுது அவள் வீட்டு வேலையில் இருந்தவளாகப் பதிவாவாள். ஆனால் கூலி வேலை முப்பது நாளைத் தாண்டியிருப்பதால் துணைத்தொழிலின் பேரில் வழக்க நிலையில் வேலையிலிருப்பவளாகவே கொள்ளப்படுவாள். கணக்கெடுப்பாளர் வந்த வாரத்தில் ஒரே ஒரு நாள் அவள் களையெடுக்கப் போயிருந்தால், வார நிலையிலும் வேலையிலிருப்பவளே. மற்ற ஆறு நாட்களும், 'கூப்பிட்டால் போயிருப்பேன், கூப்பிட ஆளில்லை' என்று அவள் சொல்லி, அது உள்ளபடி எழுதப்பட்டிருந்தால், தின நிலை ஒன்றுதான் அவளுடைய பதினான்கு அரைநாட்களில் பன்னிரண்டு வீணாயின என்று சாட்சி சொல்லும். 2011-12ஆம் வருஷத்து விசாரணையில் தேசம் முழுமைக்கும் வழக்க நிலை காட்டிய விகிதம் 2.2, வார நிலை 3.7, தின நிலை 5.6. ஒரே வருஷம், ஒரே வினாத்தாள், அதற்குப் பதில் சொன்னவர்களும் ஒரே ஜனங்களே. இவற்றுள் எது உண்மை என்று கேட்பதைவிட, எது யாருடைய துன்பத்தைக் காட்டுகிறது என்று கேட்பதே பயனுள்ள விசாரணை.

இந்த மூன்று அளவுகோல்கள் புகுந்த காலத்திலேயே ராஜ் கிருஷ்ணா என்ற பொருளாதார அறிஞர் 1973இல், நேரம், வருமானம், விருப்பம், உற்பத்தித்திறன் என்று நான்கு விதமாக வேலையின்மையை நோக்கலாமென்றும், ஒவ்வொரு நோக்கிலும் வெவ்வேறு ஜனத்தொகுதி தென்படுமென்றும் எடுத்துக்காட்டினார். இரண்டு வருஷம் கழித்து அமர்த்தியா சென், வேலை என்பது மனிதனுக்கு வருமானத்தைத் தருகிறது, சமூகத்துக்கு உற்பத்தியைத் தருகிறது, பயனுள்ள காரியத்தில் ஈடுபட்டிருக்கிறோம் என்ற மதிப்பையும் தருகிறது என்று மூன்றாக வகுத்தார். காலைமுதல் இரவுவரை பெட்டிக்கடையில் உட்கார்ந்து நூறு ரூபாய் தேற்றுகிறவனுக்கு நேரத்தின் அளவில் குறைவேதும் இல்லை. வருமானத்தின் அளவில் அவன் வேலையற்றவனைவிட மேலானவன் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெண்களின் விஷயம் தனியே விரிவாகப் பேசத்தக்கது. ஏனெனில் கணக்கின் எல்லைக்கோடு இடம்பெயரும்போதெல்லாம் அதிகமாகத் தள்ளாடுவது அவர்களுடைய எண்ணிக்கைதான். 1961ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், பருவத்தில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்தவரெல்லாம் தொழிலாளியாக ஏற்கப்பட்டார்கள். பெண்களில் நூற்றுக்கு 28 பேர் ஏறக்குறைய அவ்விதம் எண்ணப்பட்டார்கள். 1971இல் கேள்வி மாறிற்று: உன் பிரதான காரியம் என்னவென்று முதலில் கேட்டார்கள். பிரதான காரியம் வீட்டைப் பார்ப்பது என்று பதில் வந்தது; விகிதம் ஏறக்குறைய 12ஆகச் சரிந்தது. நாற்று நட்டவர்களும், மாடு மேய்த்தவர்களும், தறிக்கு நூல் சுற்றியவர்களும் பத்து வருஷத்தில் திடீரென்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. கோடிக்கணக்கான பெண்களின் உழைப்பு ஒரு கேள்வியின் வரிசை மாறியதால் மறைந்துபோயிற்று என்பதை, படிக்கும்போதெல்லாம் மனம் பதைக்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.

இன்றைய விசாரணையில் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டிலக்கக் குறியெண் உண்டு. குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுபவருக்கு 21. வேலை தேடுபவருக்கு அல்லது கிடைத்தால் செய்யத் தயாராயிருப்பவருக்கு 81. வீட்டுக் காரியம் மட்டும் பார்ப்பவருக்கு 92. வீட்டுக் காரியத்தோடு விறகு பொறுக்குதல், தைத்தல் போன்றவற்றையும் செய்பவருக்கு 93. முதல் எண்ணைப் பெற்றவர் வேலையிலிருப்பவர். கடைசி இரண்டைப் பெற்றவர் படைக்கு வெளியே. வீட்டு வாசலில் கட்டியிருக்கும் கறவை மாட்டைப் பராமரிக்கும் ஒரு பெண்மணி 21ஆவதும் 93ஆவதும், கணக்கெடுப்பாளர் எவ்வளவு பொறுமையோடு அடுத்த கேள்வியைக் கேட்டார் என்பதையும், அவளுக்குப் பதிலாகப் பேசிய புருஷன் அவளுடைய பாடுகளை வேலையென்று மதித்தானா என்பதையும் பொறுத்தது.

2017-18இல், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பாளர் படையில் சேர்ந்தவர் நூற்றுக்கு 23.3, 2023-24இல் அது 41.7. ஆறு வருஷத்தில் இப்படியொரு எழுச்சி உலக சரித்திரத்திலேயே அபூர்வம். அதே காலத்தில் பொதுவான வேலையற்றோர் விகிதம் 6.1இலிருந்து 3.2ஆக இறங்கியிருக்கிறது. இதை வெற்றியென்று கொண்டாடுவோர், வேலையிலிருப்போரில் சம்பளமின்றிக் குடும்பத் தொழிலில் உதவுவோரின் பங்கு 2017-18இல் 13.6 ஆக இருந்தது 2022-23இல் 18.3 ஆக உயர்ந்ததையும், மாதச் சம்பளக்காரரின் பங்கு 22.8இலிருந்து 20.9ஆகக் குறைந்ததையும், பெண் தொழிலாளிகளில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் சம்பளமில்லா உதவியாளரே என்பதையும் உடன்சேர்த்துப் படிக்க வேண்டும். இதுகாறும் மறைந்திருந்த உழைப்பு ஏட்டில் ஏறியதென்றால் அது வரவேற்கத்தக்கதே. 1971இல் இழைத்த குற்றத்துக்கு அது ஓரளவு பிராயச்சித்தமும் ஆகும். ஆனால் கூலியில்லாத உழைப்பை ஏட்டில் ஏற்றியதன் பலனாக விகிதம் இறங்குவதையும், கூலியுள்ள வேலை பெருகியதன் பலனாக இறங்குவதையும் ஒன்றாகப் பேசுவது விவேகமாகாது.

கொள்ளைநோய்க் காலத்து அனுபவமும் இதையே உறுதிசெய்கிறது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில், நகரங்களில் வார நிலைப்படி வேலையற்றோர் விகிதம் ஏறக்குறைய 21ஐத் தொட்டது. ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை. அந்த மூன்று மாதங்களையும் உள்ளடக்கிய 2019-20ஆம் கணக்கெடுப்பு வருஷத்துக்கு, தேசம் முழுமைக்குமான வழக்க நிலை விகிதமோ முந்திய வருஷத்து 5.8இலிருந்து 4.8ஆக இறங்கியதாக வெளிவந்தது. நெடுஞ்சாலைகளில் குழந்தைகளைத் தோளில் சுமந்து ஊர் திரும்பிய தொழிலாளிகளின் வருஷம் அது. வருஷத்தின் பெரும்பகுதியைச் சராசரியாக்கும் அளவுகோலில் மூன்று மாதத் துயரம் கரைந்துபோயிற்று. ஊர் திரும்பியவர்களோ தகப்பன் வயலில் கைகொடுத்து, வேலையிலிருப்பவர்களாக எண்ணப்பட்டார்கள். அதை ஊகமென்று தள்ள இயலாதபடி, விவசாயத்தை நம்பியிருப்போரின் பங்கு 42.5இலிருந்து 45.6ஆக உயர்ந்ததையும் அதே அறிக்கை தெரிவிக்கிறது. அபிவிருத்தி அடையும் ஒரு தேசத்தில் வயலிலிருந்து தொழிற்சாலைக்கு ஜனங்கள் போவதைக் கண்டிருக்கிறோம். திரும்பிப் போவதைப் புகலிடம் தேடுதல் என்றுதான் சொல்ல வேண்டும்.

படித்தவர்களின் நிலை இதற்கு மறுபுறம். 2022-23இல் பொது விகிதம் 3.2 ஆக இருந்தபோது, பட்டதாரிகளிடையே அது 13.4, பதினைந்து முதல் இருபத்தொன்பது வயது வரையிலான இளைஞர்களிடையே 10. பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு 'எம்ப்ளாய்மென்டில் பதிந்து வைப்பது' தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஒரு சடங்காகவே இருந்து வந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்கத் தவறினால் வரிசை போய்விடுமென்ற அச்சமும் அதனோடு வந்தது. இந்த வேலைவாய்ப்பு அலுவலகங்களின் உயிர்ப்பதிவேட்டில் உள்ள லட்சக்கணக்கான பெயர்களை வேலையற்றோரின் தொகையாகப் பிரசங்க மேடைகளில் வாசிப்பது வழக்கம். அது சரியன்று. தனியார் உத்தியோகத்தில் இருந்துகொண்டே சர்க்கார் வேலைக்காகப் பதிந்தவரும், மேற்படிப்பில் இருப்பவரும் அதில் உண்டு. பதிவதால் பயனில்லை என்று கருதிய கூலியாட்கள் அதில் இல்லை. பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தும் வேலை கிடைக்காத ஏழைக் குடும்பத்தினருக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் தரும் மாதாந்திர உதவித்தொகை, பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய். ஒரு பட்டதாரியை இந்தத் தொகை எத்தனை நாள் காப்பாற்றும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. 2024இல் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்கு, அறிவிக்கப்பட்ட 6,244 இடங்களுக்கு, 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இவர்களில் பலர் ஏதோவொரு வேலையில் இருப்பவர்கள். ஆகையால் எந்த வேலையற்றோர் விகிதத்திலும் வராதவர்கள். இருக்கும் வேலையை வேலையென்று நம்ப முடியாதவர்களின் எண்ணிக்கைக்கு இன்னும் நம்மிடம் அளவுகோல் இல்லை.

இனி, அளந்ததை வெளியிடும் விஷயம். 2017-18ஆம் வருஷத்து அறிக்கைக்கு தேசியப் புள்ளியியல் ஆணையம் 2018 டிசம்பரிலேயே சம்மதம் அளித்தும், அது வெளியிடப்படவில்லை. 2019 ஜனவரி இறுதியில், அவ்வாணையத்தின் தற்காலிகத் தலைவராயிருந்த பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் ராஜினாமா செய்தார்கள். சில நாட்களில் ஒரு வர்த்தகப் பத்திரிகை அந்த அறிக்கையின் சாரத்தைப் பிரசுரித்தது. விகிதம் 6.1 என்றும், நாற்பத்தைந்து வருஷங்களில் இதுவே அதிகம் என்றும் செய்தி பரவிற்று. சர்க்கார் தரப்பில் அது முடிவுபெறாத வரைவு என்று பதில் சொல்லப்பட்டது. பொதுத்தேர்தல் முடிந்து, 2019 மே 31ஆம் தேதி வெளிவந்த அதிகாரபூர்வமான அறிக்கையில் இருந்ததும் அதே 6.1. மாதிரி எடுக்கும் முறை மாறியதால் பழைய வருஷங்களோடு ஒப்பிடலாகாது என்ற அமைச்சகத்தின் வாதத்தில் சாரமுண்டு. படித்தவர் உள்ள குடும்பங்களைப் பிரித்தெடுக்கும் புதிய ஏற்பாடு அதில் இருந்தது. ஆனால் அந்த வாதத்தை டிசம்பரிலேயே, எண்ணை வெளியிட்டு, அதனுடன் சேர்த்துச் சொல்லியிருந்தால் கேட்பவர் கேட்டிருப்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள், நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள், யாரென்றே தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்று கேட்டபோது தங்கள் பிழைப்பின் விவரங்களை ஒளிக்காமல் சொன்னார்கள்; அவர்கள் சொன்னதைப் பூட்டி வைக்கும் உரிமை எந்த சர்க்காருக்கும் கிடையாது.

பிற தேசங்களும் இந்தச் சோதனையில் எப்போதும் தேறினவையல்ல. பிரிட்டனில் 1982இல், வேலை வேண்டுமென்று பதிந்தவர்களை எண்ணும் முறையை விட்டு, உதவித்தொகை பெறுபவர்களை மட்டும் எண்ணத் தொடங்கினார்கள். உதவித்தொகையின் விதி இறுகும்போதெல்லாம் வேலையின்மையும் குறைந்தது. இதற்கு மாறாக, 2020 ஏப்ரல் மாதத்துக்குரியதாக அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகா 14.7 என்ற விகிதத்தை வெளியிட்டபோது, தற்காலிகமாக நிறுத்தப்பட்ட பலரைக் கணக்கெடுப்பாளர்கள் விடுப்பிலிருப்போராகத் தவறி எழுதியிருக்கிறார்கள் என்றும், அதைச் சரிசெய்தால் விகிதம் ஏறக்குறைய ஐந்து புள்ளிகள் கூடும் என்றும் அதே அறிக்கையில் பகிரங்கமாகச் சொல்லிற்று. அந்தப் பிழையைத் தன் வாயாலேயே சொன்னதால் அந்த இலாகாவின் மதிப்பு உயர்ந்ததேயன்றித் தாழவில்லை.

2025ஆம் வருஷத்திலிருந்து நம் தேசத்திலும் மாதந்தோறும் விகிதம் வெளியாகிறது. முதலாவதாக வந்த ஏப்ரல் மாதத்துக்கு 5.1, மே, ஜூன் மாதங்களுக்கு 5.6, ஜூலைக்கு 5.2. இவை வார நிலை எண்கள். இவற்றை வருஷாந்தர அறிக்கையின் 3.2 என்ற வழக்க நிலை எண்ணோடு ஒப்பிட்டு வேலையின்மை பெருகிவிட்டதென்று எழுதுவதும், ஒரு மாதத்தில் 0.1 குறைந்ததை முன்னேற்றமென்று எழுதுவதும் ஒரே வகைப் பிழை. மாதிரியைக் கொண்டு மதிப்பிட்ட எந்த எண்ணுக்கும் இரு பக்கமும் ஒரு தடுமாற்ற இடைவெளி உண்டு. மாதாமாதம் அறுவடையும் கல்லூரிப் பரீட்சையும் அதை அசைக்கின்றன.

மாதாந்திர வெளியீட்டை நான் மனமார வரவேற்கிறேன். அதனுடன் ஒரு வேண்டுகோளும் உண்டு. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு வழக்க நிலையையும் வார நிலையையும் முன்னிறுத்தி, தந்த்வாலா குழுவினர் அரும்பாடுபட்டு வகுத்த தின நிலையைப் பின்தள்ளிவிட்டது. ஆனால் அதன் வினாத்தாளில், கடந்த ஏழு நாட்களில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் உழைத்தார், இன்னும் எத்தனை மணி நேரம் உழைக்கத் தயாராயிருந்தார், கூலியாக என்ன பெற்றார் என்பதெல்லாம் கேட்கப்பட்டு, பெயர் நீக்கிய மூலத் தரவுகளாக எவரும் இலவசமாகப் பெறும்படி வைக்கப்பட்டும் இருக்கின்றன. உழைக்கத் தயாராயிருந்தும் வீணான மணி நேரம் எவ்வளவு, சம்பளமின்றி உழைப்போர் நூற்றுக்கு எத்தனை பேர், கூலியாள் ஒருவர் ஒரு வாரத்தில் கண்ட கூலி எவ்வளவு என்ற மூன்றையும், வேலையற்றோர் விகிதம் அச்சிடப்படும் அதே முதற்பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ராஜ்யவாரியாக அச்சிடுவதற்குப் புதிதாக ஒரு வீட்டின் கதவையும் தட்ட வேண்டிய அவசியமில்லை.